படம் எங்கிருந்து வந்தது, டீச்சர்?

எங்கள் பள்ளிக்கு இது நூற்றாண்டு. விழாவில் பழைய நிழற்படங்களைக் கண்காட்சியாக வைக்கலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். அவருடைய அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட படங்கள் ஏழு இருந்தன. பீரோவின் மேல்தட்டில் இருந்த தகரப் பெட்டியில் 31 படங்கள் கிடைத்தன. சில படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு படங்களின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. எல்லாவற்றையும் லேமினேஷன் செய்து மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர், மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிகிறார். அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க டீச்சர். சூட்டுல படம் கெட்டுப்போயிடும். அப்புறம் பிரிக்கவும் முடியாது. பெட்டியோட அப்படியே எங்க நூலகத்துக்குக் கொண்டு வாங்க. தலைமையாசிரியர்கிட்ட ஒரு கடிதம் மட்டும் வாங்கிட்டு வந்தா போதும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியோடு போனேன். கூடவே ஒரு பென் டிரைவையும் எடுத்துக்கொண்டேன். வகுப்பில் காட்டுவதற்காக நான் பல ஆண்டுகளாக இணையத்திலிருந்து சேர்த்து வைத்த வரலாற்றுப் படங்கள் அதில் இருந்தன. அவற்றில் சிலவற்றையும் பெரிதாக அச்சிட்டுக் கண்காட்சியில் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

அவர் பென் டிரைவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். 'வங்கப் பஞ்சம், 1943' என்று நான் தலைப்பிட்டிருந்த படம் வந்ததும் நிறுத்திவிட்டார். எலும்பும் தோலுமாகச் சிலர் வரிசையாக உட்கார்ந்து கேமராவைப் பார்க்கும் படம் அது. ஆறு ஆண்டுகளாக வகுப்பில் அதைக் காட்டி வருகிறேன்.

"இந்தப் படம் எங்கிருந்து வந்தது, டீச்சர்?"

"கூகுள்ல எடுத்தேன்பா."

"கூகுள் தேடித்தான் கொடுக்கும் டீச்சர். யார் எடுத்தது, மூலப்படம் எங்க இருக்குன்னு கேட்டேன்."

என்னிடம் பதில் இல்லை. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இது வங்கப் பஞ்சம் இல்ல டீச்சர். நம்ம சென்னை மாகாணத்துல, தாது வருஷப் பஞ்சத்துல எடுத்தது."

அன்று நான் அந்த நூலகத்தில் கற்றுக்கொண்டவற்றை நம் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

இரண்டு வேலைகள்

ஒரு புத்தகம் வேண்டுமென்றால் நூலகரிடம் கேட்கிறோம். படம் வேண்டுமென்றாலும் அப்படிக் கேட்கலாம் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அந்தக் கல்லூரி நூலகத்தின் ஒரு சிறிய அறையில் இதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. இரண்டு ஸ்கேனர்கள், மேலிருந்து கீழ்நோக்கிப் படமெடுக்கக் கேமரா பொருத்திய ஒரு நிறுத்தி, இரண்டு கணினிகள், ஒரு பதிவேடு. அவ்வளவுதான். பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அங்கே இரண்டு வகையான உதவிகள் செய்கிறார்கள். அனுமதிக் கடிதத்தோடு வரும் பள்ளிகளுக்கும் உதவுகிறார்கள்.

முதலாவது, படத் தேடல். எந்தப் பாடத்துக்கு, எந்தப் பொருளில், எதற்காகப் படம் வேண்டும் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் நம்பத்தகுந்த சேகரிப்புகளில் தேடி, படத்தோடு அதன் விவரத்தையும் தருகிறார்கள். ஏற்கெனவே நம்மிடம் உள்ள ஒரு படத்தைக் கொடுத்து, இது உண்மையில் என்ன என்று கண்டுபிடித்துத் தரும்படியும் கேட்கலாம்.

இரண்டாவது, மின்னுருவாக்கம். தாளிலும் கண்ணாடியிலும் பிலிமிலும் இருக்கும் படங்களைத் தரமாக ஸ்கேன் செய்து, விவரம் எழுதி, பெயரிட்டு, கோப்புகளாகத் தருவது.

இரண்டும் வேறு வேறு வேலைகள் போலத் தோன்றும். ஆனால் இரண்டிலும் அவர்கள் அதிக நேரம் செலவிடுவது படத்துக்காக அல்ல, படத்தின் விவரத்துக்காகத்தான். விவரம் தொலைந்தால் படம் என்ன ஆகும் என்பதற்கு என் பென் டிரைவில் இருந்த அந்தப் படமே சாட்சி.

ஒரு படத்தை எப்படி விசாரிப்பது?

அவர் என்னை அருகில் உட்கார வைத்து, அந்தப் படத்தைத் தேடிய முறையைக் காட்டினார். முதலில் படத்தையே கொடுத்துத் தேடும் வசதி. கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவற்றில் படத்தைப் பதிவேற்றினால், அதே படம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். என் படம் ஏராளமான பக்கங்களில் வந்தது. பலவற்றில் 1943 என்றே போட்டிருந்தார்கள்.

"பார்த்தியா, எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்காங்க" என்றேன்.

"ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் எடுத்துப் போட்டிருப்பாங்க டீச்சர். நூறு பேர் சொன்னாலும் அது ஒரே ஆள் சொன்னதுதான்" என்றார்.

அதனால் தேடலின் அடுத்த படி, பிரதிகளை விட்டுவிட்டு மூலத்தை நோக்கிப் போவது. மூலப்படத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகமோ நூலகமோ ஆவணக் காப்பகமோ எது என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடையாள எண், எடுத்தவர் பெயர், காலம், எப்படி அங்கு வந்தது போன்ற விவரங்கள் இருக்கும். லண்டனில் உள்ள வெல்கம் சேகரிப்பில் இந்த வரிசைப் படங்கள் இருக்கின்றன. எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். சென்னை மாகாணப் படையில் அதிகாரியாக இருந்தவர். எடுக்கப்பட்ட காலம் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம். நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது அதைத்தான். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் 1877-78இல் வெட்டப்பட்டது.

பிறகு படத்தையே உற்றுப் பார்க்கச் சொன்னார். அதிலும் சான்று இருந்தது. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். அன்றைய கேமரா பெரியது, முக்காலியில் நிற்பது. படத்தில் இருப்பவர்கள் அசையாமல் இருந்தாக வேண்டும். அந்தப் பலவீனத்திலும் அவர்களை வரிசையாக அமர்த்தி, அசையாமல் இருக்கச் செய்திருக்கிறார்கள். 1943இல் நிலைமை வேறு. கையில் எடுத்துச் செல்லும் சிறிய கேமராக்கள் வந்துவிட்டன. சுனில் ஜானா எடுத்த வங்கப் பஞ்சப் படங்களை அவர் அருகில் வைத்துக் காட்டினார். தெருவும், நடமாட்டமும், அந்த நேரத்தில் நடந்துகொண்டிருப்பதும் அவற்றில் தெரிகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, எப்படி இத்தனை ஆண்டுகள் குழம்பினோம் என்றுதான் தோன்றியது.

வங்கப் பஞ்சத்துக்குச் சான்று இல்லாமலும் இல்லை. ஜானாவின் படங்கள் இருக்கின்றன. சித்தபிரசாத் ஊர் ஊராகப் போய் வரைந்த கோட்டோவியங்கள் இருக்கின்றன. கல்கத்தாவின் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1943 ஆகஸ்டில் துணிந்து வெளியிட்ட படங்கள் இருக்கின்றன. நான் ஒரு தவறான படத்தைக் காட்டியதால், வங்கத்து மக்களின் உண்மையான படங்களை என் மாணவர்கள் பார்க்கவில்லை. சென்னை மாகாணத்தில் செத்தவர்களையும் வேறு ஊர்க்காரர்களாக ஆக்கிவிட்டேன். ஒரு தவறில் இரண்டு பஞ்சங்களின் வரலாறு மறைந்தது.

எந்தப் படத்தையும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் கேட்க வேண்டியவை என்று அவர் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தார். என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இப்போது அவை ஒட்டியிருக்கின்றன.

1. எடுத்தவர் அல்லது வரைந்தவர் யார்?
2. எப்போது, எங்கே எடுக்கப்பட்டது?
3. மூலம் இப்போது யாரிடம் இருக்கிறது?
4. நான் பயன்படுத்த அனுமதி உண்டா?

நான்குக்கும் விடை கிடைக்காமல் போகலாம். அப்போது தெரிந்ததை மட்டும் எழுதி, மற்றதற்கு 'தெரியவில்லை' என்று குறிப்பிட வேண்டும். ஊகத்தை விவரமாக எழுதிவிடக் கூடாது. செயற்கை நுண்ணறிவு செயலிகள் பழைய படம் போலவே புதிதாக ஒன்றை உருவாக்கித் தரும் இந்தக் காலத்தில், முதல் மூன்று கேள்விகள் இன்னும் முக்கியமாகின்றன. அப்படி உருவாக்கிய படத்தைக் கதைக்கு ஓவியமாகக் காட்டலாம். வரலாற்றுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பின்னாளில் வண்ணம் ஏற்றியிருந்தால் அதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நல்ல விவரத்தோடு இருக்கும் படம் பாடத்துக்கு எவ்வளவு உதவும் என்பதற்கும் அன்றே ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. லின்னேயஸ் டிரைப் என்பவர் 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் எடுத்த படங்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கியிருக்கிறார். அதன் நீளம் சுமார் 19 அடி. சோழர் கால ஆட்சிக்குக் கல்வெட்டுகள் சான்று என்று பாடம் நடத்தும்போது, இந்தப் படத்தைவிடப் பொருத்தமான துணை எது?

ஸ்கேன் செய்வதில் கவனிக்க வேண்டியவை

அடுத்து எங்கள் தகரப் பெட்டி. படங்களைத் தொடும் முன் கையைக் கழுவி நன்றாகத் துடைக்கச் சொன்னார்கள். படத்தின் மேற்பரப்பில் விரல் படக் கூடாது. ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். விரல் ரேகையில் உள்ள எண்ணெயும் உப்பும் படத்தில் நிரந்தரக் கறையாகிவிடும். ஒட்டிக்கொண்டிருந்த படங்களைப் பிரிக்க முயலவே இல்லை. தனியே எடுத்து வைத்தார்கள். அதற்குப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநர் வேண்டும். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன ஒரு படத்தையும் அப்படியே விட்டு, கண்ணாடியோடு சேர்த்து மேலிருந்து கேமராவில் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கண்ணாடியில் பளபளப்பு விழாமல் பார்த்துக்கொண்டார்கள்.

மற்ற படங்களை ஸ்கேனரில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். ஓரத்தை வெட்டாமல், படத்தைச் சுற்றிலும் கொஞ்சம் இடம் தெரியும்படி ஸ்கேன் செய்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண அமைப்பில்தான் ஸ்கேன் செய்ய வேண்டுமாம். பழுப்பேறிய நிறமும் மையின் நிறமும் படத்தின் வயதைச் சொல்லும் தடயங்கள்.

ஒரு கணக்கு சொன்னார். கணிதம் எடுக்கும் நண்பர்கள் வகுப்பிலும் இதைப் பயன்படுத்தலாம். நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்று ஸ்கேன் செய்தால், 2400 பெருக்கல் 3600, அதாவது 86 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் தேவை. ஆக, ஒரு படத்துக்குச் சுமார் 26 எம்பி. இது சுருக்கப்படாத டிஃப் வகைக் கோப்பு. இதைத் தொடாமல் பத்திரமாக வைக்க வேண்டும். வகுப்பில் காட்டவும் அனுப்பவும் இதிலிருந்து ஜேபெக் வகையில் ஒரு சிறிய பிரதி எடுத்துக்கொள்ளலாம். திருத்தம், வெட்டு, வெளிச்சம் கூட்டுதல் எல்லாம் அந்தப் பிரதியில்தான்.

நாம் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறையும் சொன்னார். பழைய படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், அது கோப்பைச் சுருக்கிவிடும். பெற்றவர் அதை மீண்டும் வேறொருவருக்கு அனுப்பும்போது தரமும் விவரமும் குறைந்துகொண்டே போகும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பலாம். அப்போது கோப்பு சுருங்காது.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்தார்கள். எனக்கு இது வியப்பாக இருந்தது. ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை, யாரோ பென்சிலில் எழுதிய பெயர், கடையில் போட்ட எண் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. எங்கள் 31 படங்களில் 12 படங்களின் பின்பக்கத்தில் ஏதோ ஒன்று எழுதியிருந்தது. ஆல்பத்தில் ஒட்டிவிட்டாலோ லேமினேஷன் செய்துவிட்டாலோ அது போயிருக்கும்.

ஆண்டு விழா அல்ல

தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருந்த ஏழு படங்களில் ஒன்றின் சட்டத்தில் 'பள்ளி ஆண்டு விழா' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பள்ளி முன்பு பெரிய கூட்டம். வேட்டி கட்டியவர்கள் நிறைய. இடது பக்கம் சிலர் தோளில் எதையோ சுமந்து வருகிறார்கள். பின்னால் ஒரு துணிப் பதாகை. நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்து அதை ஆண்டு விழாப் படம் என்றே பார்த்து வந்தேன்.

இந்தப் படத்தை அவர்கள் 1200 புள்ளிகளில் ஸ்கேன் செய்தார்கள். திரையில் பெரிதாக்கியபோது பதாகையில் இருந்த எழுத்துகளில் பாதி தெரிந்தது. 'சீரமைப்பு மாநா' என்பது வரை படிக்க முடிந்தது. தோளில் சுமந்து வந்தவை பெஞ்சுகள்.

காமராசர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். ஊர் மக்கள் பள்ளிக்கு வேண்டியதைத் தாங்களே கொடுத்த இயக்கம் அது. கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், கட்டடம், நிலம் என்று அவரவரால் முடிந்ததைக் கொடுத்தார்கள். எங்கள் ஊரிலும் அது நடந்திருக்கிறது. அதற்குச் சான்று தலைமையாசிரியரின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டு ஒட்டியவரைக் குறை சொல்ல முடியாது. கூட்டத்தைப் பார்த்து ஆண்டு விழா என்று நினைத்திருப்பார். நான் 1943 என்று எழுதியதும் அப்படித்தானே?

ஊருக்குத் திரும்பியதும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு குழு பள்ளியின் பழைய பதிவேடுகளைப் பார்த்தது. இன்னொரு குழு படத்தின் பெரிய பிரதியை எடுத்துக்கொண்டு ஊரில் மூத்தவர்களைச் சந்தித்தது. பதிவேட்டில் பெஞ்சுகள் வரவு வைக்கப்பட்ட பக்கம் கிடைத்தது. ஆண்டு 1959. எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பெஞ்சு சுமந்து வருபவர்களில் இரண்டாவது ஆளின் மேல் விரலை வைத்தார்.

"இது எங்கப்பாடி. ஆசாரி வேலை. கூலி வாங்காம அஞ்சு பெஞ்சு செஞ்சு குடுத்தாரு. ஆனா என்னைய அஞ்சாப்போட நிறுத்திட்டாரு."

அந்த இரண்டு வாக்கியங்களையும் மாணவிகள் அப்படியே எழுதிக்கொண்டு வந்தார்கள். படத்தின் விவரத்தில் இரண்டையும் சேர்த்திருக்கிறோம்.

விவரம் எழுதும் முறை

நூலகங்களில் படங்களுக்கு விவரம் எழுதுவதற்கென்று முறைகள் உண்டு. டப்ளின் கோர் என்ற முறையில் 15 கூறுகள் இருக்கின்றன. பள்ளிக்கு அவ்வளவு தேவையில்லை. எக்செல் தாளிலோ ஒரு சாதாரண நோட்டிலோ கீழ்க்காணும் கூறுகளை எழுதினால் போதும் என்று எங்களுக்குச் சொன்னார்கள்.

• படத்தின் எண்
• படத்தில் என்ன இருக்கிறது (ஓரிரு வாக்கியங்களில்)
• நாள் அல்லது ஆண்டு. உறுதியில்லை என்றால் 'சுமார்' என்று சேர்க்க வேண்டும்
• இடம்
• அடையாளம் தெரிந்தவர்கள், இடமிருந்து வலமாக
• எடுத்தவர் அல்லது ஸ்டுடியோ
• பின்பக்கத்தில் எழுதியிருப்பது, உள்ளது உள்ளபடி
• மூலப்படம் இருக்கும் இடம்
• இந்த விவரத்தைச் சொன்னவர் யார், எப்போது

கடைசிக் கூறுதான் மிக முக்கியம். பதிவேட்டில் இருந்து வந்த செய்தியும் பாட்டி சொன்ன செய்தியும் வேறு வேறு வகைச் சான்றுகள். எது எங்கிருந்து வந்தது என்று எழுதியிருந்தால், பின்னால் வருபவர்கள் சரிபார்க்கவும் திருத்தவும் முடியும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது 'புதிய படம் 1' என்று வைக்காமல் ஆண்டு, பொருள், வரிசை எண் என்று வைக்கலாம். '1959_மாநாடு_001_முன்', '1959_மாநாடு_001_பின்' என்பது போல. மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் படங்கள் இப்போது பள்ளிக் கணினியிலும், தலைமையாசிரியர் பொறுப்பில் உள்ள ஹார்டு டிஸ்க்கிலும், கல்லூரி நூலகத்திலும் இருக்கின்றன.

ஸ்கேன் செய்துவிட்டோம் என்று மூலப்படங்களைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. தனித்தனிக் காகித உறைகளில் போட்டு, மழைநீர் கசியும் சுவருக்குத் தொலைவில், தரையிலிருந்து உயரத்தில் வைக்க வேண்டும். பின்பக்கத்தில் எழுத வேண்டுமென்றால் மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். பால்பாயிண்ட் பேனா கூடாது, செல்லோ டேப் கூடவே கூடாது.

அனுமதி பற்றிச் சில சொற்கள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போது ஒரு படைப்பைப் படியெடுத்துப் பயன்படுத்த இடம் தருகிறது. எனவே வகுப்பறையில் படம் காட்ட நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதே படத்தை விழா மலரில் அச்சிடுவதும், யூடியூப் காணொளியில் சேர்ப்பதும் வேறு. அப்போது படத்தின் உரிமை நிலையைப் பார்க்க வேண்டும். இன்றைய சட்டப்படி ஒரு நிழற்படத்தின் உரிமை, எடுத்தவரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. டிரைப் எடுத்தவை போன்ற 19ஆம் நூற்றாண்டுப் படங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே உரிம விவரம் இருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால், பெரும்பாலும் எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்.

சட்டத்துக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. பள்ளியின் பழைய படங்களில் இருப்பவர்கள் இதே ஊரில் வாழ்கிறார்கள். அவர்களையோ குடும்பத்தையோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கண்காட்சியில் வைப்பது மரியாதை. இப்போது படிக்கும் பிள்ளைகளின் படம் என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம் வேண்டும்.

அருகில் இப்படி ஒரு நூலகம் இல்லையென்றால்

எல்லாக் கல்லூரிகளிலும் இந்த வசதி இல்லை. ஆனாலும் தொடங்கலாம். முதலில் அருகிலுள்ள கல்லூரியின் நூலகரையும் மாவட்ட மைய நூலகத்தையும் கேட்டுப் பாருங்கள். ஒரு நல்ல ஸ்கேனர் எங்காவது இருக்கும். அதுவும் இல்லையென்றால் கைபேசியே போதும். சன்னல் வெளிச்சம் சமமாக விழும் இடத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கைபேசியைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தால் அளவும் தெரியும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுங்கள். தரம் குறைவாக இருந்தாலும் விவரத்தை இன்றே எழுதிவிடலாம். ஸ்கேனர் அடுத்த ஆண்டு வந்தாலும் பரவாயில்லை. விவரம் சொல்லும் மூத்தவர்கள் அடுத்த ஆண்டு இருப்பார்களா என்பது நம் கையில் இல்லை.

பாடத்துக்கான படங்களும் பழைய நூல்களும் தேட, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் உதவும். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஒருவராகச் சேர்த்தவற்றிலிருந்து பிறந்தது. நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும்கூட அவர் சேர்த்து வைத்திருந்தார். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் காட்டும் நிழற்படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கோயிலும் அதில் இருக்கக்கூடும்.

வகுப்பில்

அடுத்த வாரம் அந்தப் பஞ்சப் படத்தை மீண்டும் வகுப்பில் காட்டினேன். போன ஆண்டு இதே படத்தை உங்களிடம் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று தொடங்கினேன். திருத்தியது என்னிடம் படித்த மாணவர்தான் என்றும் சொன்னேன். பிள்ளைகளுக்கு அதில் ஒரே மகிழ்ச்சி.

பிறகு ஒரு மாணவி கேட்டாள். "அப்ப இவங்க நம்ம ஊர்க்காரங்களா டீச்சர்?"

"சென்னை மாகாணம்னா இன்னைக்கு இருக்கிற ஆந்திரா, கர்நாடகா, கேரளாவுலயும் கொஞ்சம் சேர்ந்ததும்மா. எந்த ஊர்னு எனக்குத் தெரியல" என்றேன்.

"பேரு?"

"பேரும் எழுதல. எடுத்தவர் பேரு மட்டும்தான் இருக்கு."

வகுப்பு அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அப்ப நம்ம பெஞ்சுப் படத்துல இருக்கிற எல்லார் பேரையும் கண்டுபிடிச்சு எழுதிடுவோம் டீச்சர்" என்றாள்.

பெஞ்சுப் படத்தில் முகம் தெளிவாகத் தெரிகிறவர்கள் 43 பேர். இதுவரை 17 பேரின் பெயர் கிடைத்திருக்கிறது. சட்டத்தில் இருந்த பழைய சீட்டை எடுக்கவில்லை. அதுவும் இந்தப் படத்தின் வரலாறுதான். அதன் கீழே புதிய சீட்டு ஒன்றை மாணவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: 'பள்ளிச் சீரமைப்பு மாநாடு, 1959. ஆண்டு பள்ளிப் பதிவேட்டின்படி. 26 பேரின் பெயர் இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் ஒன்பதாம் வகுப்பில் சொல்லவும்.'

உங்கள் பள்ளியிலும் இப்படி ஒரு படம் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். நாளை அதைக் கழற்றி ஒருமுறை பின்பக்கத்தைப் பாருங்கள்.

(கட்டுரையாளர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர்)